பள்ளத்தில் நின்ற லாரி

சென்றாயன்: இந்தப் பொடவை எதுக்கு இன்னிக்கு?

முனிலட்சுமி: எந்தப் பொடவை?

சென்றாயன்: கட்டியிருக்கியே, அதுதான். பண்டிகைக்குன்னு பொட்டியில வச்சிருந்தது.

முனிலட்சுமி: மத்தது ரெண்டும் ஈரம். இந்தத் தளி ஊருக் குளுருல மத்தியானம் ஆனாத்தான் துணி காயும். உங்களுக்குத் தெரியாததா?

சென்றாயன்: ஈரம்... சரி சரி, ஈரம்னா ஈரம்.

முனிலட்சுமி: விடிஞ்சதுலேருந்து என்னைப் பாக்கறீங்க, ரோட்டைப் பாக்கறீங்க, மறுபடி என்னைப் பாக்கறீங்க. லாரிய மட்டும் பாக்க மாட்டேங்கறீங்க. நின்னு போனது அதுதான, நான் இல்லியே!

சென்றாயன்: லாரிய நான் பாத்தாச்சு. செல்ஃப் அழுத்தினா 'டொக்'குங்குது, எரியற விளக்கு செத்துப் போவுது, அவ்ளோதான். எஞ்சின் சுத்தவே இல்ல. கரண்ட்டுக் கோளாறு. அதை மேஸ்திரிதான் பாக்கணும், ட்ரைவர் பாக்க முடியாது.

முனிலட்சுமி: அதுக்கு ஓசூர்ல அவரை விட்டா வேற மேஸ்திரியே இல்லியா?

சென்றாயன்: எவரை?

முனிலட்சுமி: திம்மராயன் மாமனை. முதல் பஸ் கண்டக்டர்கிட்ட நீங்கதான சொல்லி விட்டீங்க?

சென்றாயன்: கை சுத்தமான ஆளு. டீசல் வண்டில கரண்ட்டு வேலை தெரிஞ்சவன் இந்தச் சுத்துவட்டாரத்துலயே அவன் ஒருத்தன்தான்.

முனிலட்சுமி: அவரைப் பத்தி உங்க வாயால நல்ல வார்த்தை இன்னிக்குத்தான் கேக்கறன்.

சென்றாயன்: ஏன், உனக்குச் சந்தோசமா இல்லியா? அத்தை மவன் வரான். மொறை மாப்பிள்ளை.

முனிலட்சுமி: ஆரம்பிச்சுட்டீங்களா...

சென்றாயன்: உன்னைக் கட்டிக்க மொத உரிமை அவனுக்குத்தான இருந்துச்சு? பந்தல்ல அத்தனை சனம் முன்னால தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, 'என் மொறைய விட்டுட்டன், பொண்ணை அசல்ல, வெளியாளுக்குக் குடுத்துக்குங்க'ன்னான். அவன் நீட்டினதை நான் கை நீட்டி வாங்கிக்கிட்டன். ஊரே பாத்துச்சு.

முனிலட்சுமி: அது நம்ம சனத்து வழக்கம். மொறைக்காரன் வெத்தலை குடுக்காம எந்தப் பொண்ணு அசல்ல போயிருக்கறா? எல்லாக் கல்யாணத்துலயும் நடக்கறதுதான.

சென்றாயன்: நடக்குது. வெத்தலை குடுத்தவன் அடுத்த தை மாசமே வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டுப் போயிடறான். இவன் ஏன் இன்னும் தனிக்கட்டையா நிக்கறான்? அதைச் சொல்லு.

முனிலட்சுமி: அவரையே கேட்டுக்குங்க. அதோ, பஸ்ஸுலேருந்து எறங்கி வராரு.

சென்றாயன்: பாத்தியா... பஸ் நின்ன சத்தமே எனக்குக் கேக்கல. உனக்கு ஆளே தெரிஞ்சு போச்சு.

திம்மராயன்: என்ன ட்ரைவரே! வழக்கு பொண்டாட்டிகிட்டயா, வண்டிகிட்டயா?

சென்றாயன்: வாங்க மேஸ்திரி.

திம்மராயன்: முனி, நல்லா இருக்கியா?

முனிலட்சுமி: இருக்கன் மாமா. நீதான் எளைச்சுப் போயிட்ட.

திம்மராயன்: ஆக்கிப் போட ஆள் இல்லாதவன் எளைக்காம என்ன பண்ணுவான்?

சென்றாயன்: ம்... அது வேறயா.

முனிலட்சுமி: ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மொறை. 'ட்ரைவரே'ன்னு ஒருத்தர், 'மேஸ்திரி'ன்னு ஒருத்தர். வழியில பாத்துக்கிட்ட ஆளுங்க மாதிரி.

சென்றாயன்: வழியில பாத்த ஆளு நான் ஒருத்தன்தான். அவரை 'நீ'ங்கற, என்னை 'நீங்க'ங்கற.

முனிலட்சுமி: கூட மண்ணுல வெளையாடினவரை வேற எப்டிக் கூப்பிடுவாங்க?

திம்மராயன்: வந்து இன்னும் பையைக்கூட கீழ வைக்கல. என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? வண்டி எங்க... அட! இதென்ன ட்ரைவரே, பள்ளத்துல எறக்கி வச்சிருக்க?

சென்றாயன்: ஆமா... அதுக்கென்ன?

திம்மராயன்: அதுக்கென்னவா? மலை ரோட்டுல லாரி ஓட்டறவன் எவனும் வண்டிய மேட்டுலதான நிறுத்துவான், மூக்கு எறக்கத்தைப் பாத்த மாதிரி? காலைல பேட்டரி மக்கர் பண்ணினா உருட்டி விட்டு, கியரைப் போட்டு எடுத்துடலாம். நீ என்னிக்கும் கோயில் மேட்டுல நிறுத்துவன்னு ஓசூர் வரைக்கும் தெரியும்.

சென்றாயன்: நேத்து அசதி. கவனிக்கல.

முனிலட்சுமி: நானும் காலைல இதைத்தான் கேட்டன் மாமா. மேடு காலியாத்தான் கெடந்துச்சு.

சென்றாயன்: அசதின்னு சொல்றன் இல்ல!

திம்மராயன்: சரி சரி, சும்னிரு, சண்டை போடாத. கோசும் பீன்ஸும் ஏத்தின வண்டி. தள்ளி எடுக்கணும்னா பாதி ஊரு வரணும். முதலாளிக்குச் சொல்லியாச்சா?

சென்றாயன்: நாராயணப்பன் வந்து கத்திட்டுப் போயாச்சு. பொழுது ஏறறதுக்குள்ள சரக்கு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவணும். இல்லைன்னா லாரிச் சாவிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவன்னுட்டான்.

திம்மராயன்: அப்டின்னா சீக்கிரம் ஏறு. விளக்கைப் போட்டுட்டு செல்ஃப் அழுத்து. ...ம். இன்னொரு தரம். ...போதும், எறங்காத. நான் பேட்டரிப் பொட்டியப் பாக்கறன்.

சென்றாயன்: நானும் வரட்டுமா?

திம்மராயன்: வேணாம். அங்கயே உக்காரு.

சென்றாயன்: லட்சுமி! எங்க போயிட்ட?

முனிலட்சுமி: எங்க போவன்? அடுப்புகிட்ட இருக்கன். காப்பி வைக்கறன்.

சென்றாயன்: யாருக்கு?

முனிலட்சுமி: ரெண்டு பேருக்கும்!

சென்றாயன்: எனக்கு வெல்லம். அவருக்குச் சர்க்கரையா?

முனிலட்சுமி: ஒரே பாத்திரம், ஒரே வெல்லம். வந்து மோந்து பாத்துட்டுப் போறீங்களா?

திம்மராயன்: ட்ரைவரே, காப்பி அப்பறம். இப்ப அழுத்து. ...விடு.

சென்றாயன்: என்ன மேஸ்திரி பண்றீங்க கீழ?

திம்மராயன்: தொட்டுப் பாக்கறன். செல்ஃப் அழுத்தின கையோட, கம்பி சேர்ற எடத்தையெல்லாம் ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாக்கணும். எந்த எடம் சுடுதோ அங்கதான் கரண்ட்டு போக முடியாம முட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

சென்றாயன்: ஓ... எது சுடுது?

திம்மராயன்: ஒண்ணும் சுடல.

சென்றாயன்: ஒண்ணுமே சுடலியா?

திம்மராயன்: ஏன், சுடணும்கறியா?

சென்றாயன்: இல்ல... சும்மா கேட்டன். பேட்டரிலேருந்து சேஸிஸுக்கு ஒரு எர்த்துப் பட்டை வருமே... முடுக்கியிருக்குமே... அதைத் தொட்டீங்களா?

திம்மராயன்: தொட்டன். குளுந்து கெடக்குது. கரண்ட்டு வேலை மேஸ்திரி வேலைன்னு கண்டக்டர்கிட்ட சொல்லி விட்டியாமே. இப்ப நீயே எடம் காட்டற!

சென்றாயன்: நானும் லாரியோடதான கெடக்கறன். நாலு விசயம் தெரியாதா?

திம்மராயன்: தெரிஞ்சவன்னா இதைச் சொல்லு. மறுபடி அழுத்து... விளக்கு என்ன ஆவுது?

சென்றாயன்: விளக்கு... ஜம்முனு எரியுது.

திம்மராயன்: செல்ஃப்?

சென்றாயன்: சத்தமே இல்ல. மூச்சுகூட விடல. இதென்ன மேஸ்திரி! காலைல 'டொக்'குன்னுச்சு, விளக்கு செத்துச்சு. இப்ப விளக்கு சாகல, 'டொக்'கும் இல்ல!

திம்மராயன்: அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்குது. ஒரு கோளாறு போயி வேற கோளாறு வந்து உக்காந்துக்கிச்சு.

சென்றாயன்: அது எப்டி வரும்? அப்டியெல்லாம் வராதே...

முனிலட்சுமி: காப்பி ஆறுது. எறங்கி வாங்க ரெண்டு பேரும். உங்க மூஞ்சி ஏன் இப்டி வேர்க்குது, இந்தக் குளுருல?

சென்றாயன்: எனக்கா? ஒண்ணுமில்ல.

திம்மராயன்: ஆஹா... இந்தக் காப்பிக்காகவே வாரம் ஒரு தரம் லாரி நிக்கலாம் முனி.

சென்றாயன்: நிக்கும் நிக்கும். இவ கையால குடிச்சு ரொம்ப நாள் ஆச்சோ? ஜவளகிரி சந்தைல குடிக்கலியா?

முனிலட்சுமி: ஜவளகிரி சந்தையா?

சென்றாயன்: போன வாரம். ஆஞ்சப்பன் அவன் டீக்கடையில அத்தனை பேரு முன்னால சொன்னான், 'ஏன் சென்றாயா, நின் ஹெண்ட்தி சந்தேல நக்தா இத்லு'ன்னு. யாரு கூட சிரிச்சுக்கிட்டு இருந்தா என் பொண்டாட்டின்னு கேட்டன். ஓசூர் மேஸ்திரி கூடன்னான். நீ வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னியா? ஒரு வார்த்தை?

முனிலட்சுமி: சொன்னா நீங்க சோறு தின்ன மாட்டீங்கன்னு சொல்லல.

சென்றாயன்: என்ன சிரிப்பு? எதுக்குச் சிரிப்பு?

திம்மராயன்: சொல்லிடு முனி. இல்லைன்னா இந்த டம்ளரைக் கடிச்சுத் துப்பிடுவான்.

முனிலட்சுமி: உங்களைப் பத்திதான். கல்யாணம் ஆன புதுசுல, காட்டு ரோட்டுல யானை குறுக்க வந்துச்சே... நீங்க எஞ்சினையும் விளக்கையும் அணைச்சுட்டு, ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, 'சாமி, புதுசாக் கல்யாணம் ஆனவன், இன்னிக்கு மட்டும் விட்டுடு'ன்னு கும்பிட்டீங்களே... அதைச் சொன்னன்.

சென்றாயன்: என்னை வச்சு... என்னை வச்சா ரெண்டு பேரும் சிரிச்சீங்க?

திம்மராயன்: அவ சிரிச்சா. நான் கேட்டுக்கிட்டு நின்னன்.

சென்றாயன்: நல்லாருக்குது... ரொம்ப நல்லாருக்குது. மேஸ்திரி, நான் ஒரு தரம் அந்தப் பட்டையப் பாக்கட்டுமா?

திம்மராயன்: உன் லாரி. பாரு.

சென்றாயன்: இருங்க, பாக்கறன்...

திம்மராயன்: என்ன தேடற?

சென்றாயன்: திருகாணிய...

திம்மராயன்: திருகாணி இருக்குது, முடுக்கியிருக்குது. வேற ஏதாச்சும் இருக்கணுமா அங்க?

சென்றாயன்: இல்ல... இல்லியே. லட்சுமி, இங்க வா. கொஞ்சம் இப்டி வா... மெதுவாப் பேசு. காலைல நீ வண்டிகிட்ட போனியா?

முனிலட்சுமி: நான் எதுக்குப் போறன்?

சென்றாயன்: எதையாச்சும் எடுத்தியா? நெஜத்தைச் சொல்லு.

முனிலட்சுமி: எதை எடுக்கறது? எதை வச்சிருந்தீங்க?

சென்றாயன்: எதையும் வைக்கல! சும்மா கேட்டன்.

முனிலட்சுமி: எனக்கு பயமா இருக்குது... என்ன பண்ணி வச்சிருக்கீங்க?

திம்மராயன்: குசுகுசுன்னு எதுக்கு? சத்தமாவே பேசுங்க, நான் வேத்தாளா? ட்ரைவரே, எனக்கு ஒண்ணும் புடிபடல. நாராயணப்பனுக்கு ஆள் அனுப்பிடலாமா? சரக்கை வேற லாரிக்கு மாத்திக்கட்டும்.

சென்றாயன்: ஐயோ, வேணாம்! அவன் சாவிய வாங்கிடுவான். மேஸ்திரி... அண்ணே! நல்லாப் பாருண்ணே. பெரிய கோளாறு இல்லண்ணே அது. சின்னதுதான்.

திம்மராயன்: இப்ப அண்ணனா? சின்னதுதான்னு உனக்கு எப்டித் தெரியும்?

சென்றாயன்: அது... ஓட்டறவனுக்குத் தெரியாதா?

திம்மராயன்: கையை நீட்டு. நீட்டுடான்னா! ...இதைத்தான தேடின?

முனிலட்சுமி: இதென்ன, ரப்பரு... நம்ம வீட்டு சைக்கிள் டியூப்பு மாதிரி இருக்குது.

திம்மராயன்: சைக்கிள் டியூப்பேதான். எர்த்துப் பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவுல, பணியாரம் மாதிரி வட்டமா வெட்டி வச்சிருந்துச்சு. திருகாணி மட்டும் தொட்டுக்கிட்டு இருந்ததால விளக்குக்குக் கரண்ட்டு போச்சு, செல்ஃபுக்குப் பத்தல. தொட்டதும் கை சுட்டுடுச்சு எனக்கு. டியூப்பு தானா நடந்து வந்து அங்க படுத்துக்காது முனி.

முனிலட்சுமி: நீங்களா? உங்களைத்தான் கேக்கறன். வண்டியப் பள்ளத்துல எறக்கி, இதை நடுவுல வச்சு, கண்டக்டர்கிட்ட ஆள் சொல்லி விட்டு... எதுக்கு?

சென்றாயன்: பாக்கணும்னு.

முனிலட்சுமி: என்னத்தை?

சென்றாயன்: ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நின்னா மூஞ்சி எப்டி ஆவுதுன்னு. ராத்திரி பகலா இதே நெனப்பு லட்சுமி. கியரு மாத்தறப்ப, டீ குடிக்கறப்ப, உன் பக்கத்துல படுக்கறப்ப... அவன் விட்டுக் குடுத்ததைத்தான நான் வச்சிருக்கறன், அவன் கேட்டா எழுந்து போயிடுவியோன்னு. ஒரு தரம் கண்ணால பாத்துட்டா தீந்துடும்னு நெனச்சன்.

முனிலட்சுமி: பாத்தீங்களே. என்ன தெரிஞ்சுது?

சென்றாயன்: ஒண்ணும் தெரியல. அதான் தாங்க முடியல.

திம்மராயன்: உனக்கு இன்னொண்ணும் சொல்லிடறன். பொட்டியத் தொறந்ததுமே ரப்பர எடுத்துட்டன். அப்பவே வண்டி சரி. செல்ஃபுக்குப் போற சின்னக் கம்பியக் கழட்டி விட்டது நானு.

சென்றாயன்: நீயா? ஏன்?

திம்மராயன்: வயித்தெரிச்சல்டா. வேற என்ன? ஜவளகிரில இவ யானைக் கதை சொன்னாளே, உன் பேரைச் சொல்றப்ப இவ மூஞ்சிய நீ பாத்திருக்கணும். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. இந்த மூஞ்சிய தெனம் பாக்கறவன், ரப்பர வெட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னா... கொஞ்ச நேரம் நீயும் தவிச்சுச் சாவுன்னு விட்டுட்டன்.

முனிலட்சுமி: மாமா, போதும்.

சென்றாயன்: அவ்ளோ ஆசை வச்சிருந்தவன் எதுக்குடா வெத்தலை குடுத்த? ஏன், உங்கப்பன் வேணாம்னானா? ஜாதகம் ஒத்து வரலியா? எதுக்கு எனக்குப் பிச்சை போட்ட?

திம்மராயன்: அதை எங்கிட்ட கேக்காத.

சென்றாயன்: வேற யாருகிட்ட கேப்பன்?

திம்மராயன்: சொல்ல மாட்டன்னு வாக்கு குடுத்திருக்கன்.

சென்றாயன்: யாருக்கு?

முனிலட்சுமி: எனக்கு.

சென்றாயன்: உனக்கா?

திம்மராயன்: முனி, யோசிச்சுக்க. சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

முனிலட்சுமி: டியூப்பு வரைக்கும் வந்தாச்சு மாமா. இனிமே என்ன இருக்குது மூடி வைக்க? நீ அந்தக் கம்பிய மாட்டு.

திம்மராயன்: மாட்டறன். ...ஆச்சு. ட்ரைவரே, ஏறி அழுத்து.

சென்றாயன்: வண்டி கெடக்கட்டும், இவ சொல்லட்டும்!

திம்மராயன்: அழுத்துடா மொதல்ல. சோத்துக்கு வழி அது. ...ம், புடிச்சுக்கிச்சு. அணைக்காத, அப்டியே ஓடட்டும். நான் மேட்டுல போயி பஸ்ஸுக்கு நிக்கறன். வரன் முனி. இனிமே லாரி நின்னா ராமப்பன் ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லி விடுங்க, நான் வர மாட்டன்.

முனிலட்சுமி: பத்திரமாப் போயிட்டு வா மாமா.

சென்றாயன்: போயிட்டான். இப்ப சொல்லு.

முனிலட்சுமி: எங்க ஊருக் களத்துக்குக் கேவுரு மூட்டை ஏத்த வருவீங்களே, ஞாபகம் இருக்குதா? மூட்டை ஏத்தற ஆளுங்களுக்கெல்லாம் தண்ணி மோந்து குடுத்துட்டு, கடைசியாத்தான் நீங்க குடிப்பீங்க.

சென்றாயன்: இருக்குது. நீ எங்க இருந்த அப்ப? நான் உன்னைப் பாத்ததே இல்லியே, பொண்ணு பாக்க வர்ற வரைக்கும்?

முனிலட்சுமி: வைக்கப் போருக்குப் பின்னால இருந்தன். தெனம் இருந்தன். எனக்கும் மாமனுக்கும் நாள் குறிக்கறதுன்னு பேச்சு ஆனப்ப, காய்கறி வண்டில ஏறி ஓசூருக்குத் தனியாப் போனன். ஒர்க்‌ஷாப்பு வாசல்ல நின்னு, 'எனக்கு அந்த லாரிக்காரரைத்தான் புடிச்சிருக்குது, நீ உன் மொறைய விட்டுடு'ன்னு கேட்டன். மாமன் கிரீஸ் கையைத் தொடைச்சுக்கிட்டே நின்னுது. அப்பறம், 'நீ கேட்டன்னு வெளிய தெரிஞ்சா உங்கப்பன் வெட்டிடுவான், நானா வேணாம்னதா இருக்கட்டும்'னுச்சு. உங்களைத் தேடிப் புடிச்சுப் பொண்ணு பாக்க வரச் சொன்ன தரகரும் மாமன் அனுப்பின ஆளுதான்.

சென்றாயன்: அப்டின்னா... எனக்கு யாரும் பிச்சை போடல...

முனிலட்சுமி: இல்ல.

சென்றாயன்: நீ கேட்டு வந்தியா? என்னையா?

முனிலட்சுமி: உங்களைத்தான்.

சென்றாயன்: இதைக் கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருந்தா நான் இத்தனை வருசம் இப்டி வெந்து செத்திருக்க மாட்டனே லட்சுமி! ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

முனிலட்சுமி: உங்களைப் பத்தி மொத மாசத்துலயே தெரிஞ்சு போச்சு எனக்கு. சொன்னா அன்னிக்கு ஒரு நாள் சந்தோசப்படுவீங்க. மறுநாள் காலைல, 'மொறை மாப்பிள்ளையவே வேணாம்னுட்டு வந்தவ, என்னை வேணாம்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்'னு யோசிக்க ஆரம்பிச்சுடுவீங்க. இப்பவே பாருங்க, உங்க கண்ணுல அது வந்துடுச்சு.